நிக்கி காரைக் கவிழ்த்துப் பாருங்கள்

டை-காஸ்ட் பொம்மைக் காரை ரசிக்கத் தெரிந்தவர் அதை முதலில் கவிழ்த்துப் பார்ப்பார், ஆரணியில் பட்டு எடுப்பவர்கள் சேலையின் உள்பக்கத்தைத் திருப்பிப் பார்ப்பதுபோல.

அப்படிப் பார்க்க வேண்டியது நம் நாட்டு நிக்கி டாய்ஸ் கார்களை. லிவர்பூலில் டிங்கி என்ற பொம்மைக் கார்களை வார்த்துத் தள்ளிய அச்சுகள், 1960-களின் கடைசியில் கல்கத்தாவுக்கு வந்தன. டிங்கி என்ற எழுத்துகளை அழித்து நிக்கி என்று மாற்றினார்கள். சில கார்களின் அடித்தகட்டில் அந்த இடம் இன்றும் கரடுமுரடாகத் தெரியும். பெயின்ட் தடிப்பாக இருக்கும்; கதவுக் கோடுகள் அதில் பாதி மூழ்கியிருக்கும். உழைத்துத் தேய்ந்த அச்சிலிருந்து இன்னொரு வாழ்க்கையை வாங்கிய கைகள் அதில் தெரிகின்றன. சென்னையில் தயாரான ஸ்டாண்டர்டு 20 வேனுக்கும் நிக்கியில் ஒரு குட்டி வடிவம் உண்டு.

டை-காஸ்ட் காரைக் கையில் எடுத்தால் உணரும் கனத்தைத் தருவது துத்தநாகம். அதோடு சுமார் 4 சதவீதம் அலுமினியம் சேர்த்து உருக்கி, எஃகு அச்சுக்குள் அழுத்தத்தோடு செலுத்துவார்கள். ஈயம் கலந்துவிட்டால் உலோகம் நாளடைவில் வெடித்து உதிரும்; 1930-களின் டிங்கி கார்கள் பல அப்படித்தான் போயின.

இன்றைய பிரீமியம் டை-காஸ்ட் கார்களில் ரப்பர் டயரும் உலோக அடித்தகடும் வருகின்றன. ஆசையாக வாங்குங்கள். பழைய நிக்கி கிடைத்தால் மட்டும் புதுப் பெயின்ட் அடித்துவிடாதீர்கள்; அதன் மதிப்பே அந்தப் பழைய பூச்சில்தான்.