செல் முதல் சூழல் மண்டலம் வரை: ‘சுவாசம்’ என்னும் கலைச்சொல்

பள்ளி உயிரியல் பொதுவாகச் செல்லில் தொடங்கிச் சூழல் மண்டலத்தில் முடிகிறது. இவ்விரண்டையும் இணைக்கும் கருத்து செல் சுவாசம். உணவூட்ட நிலை ஒவ்வொன்றிலிருந்தும் ஏறத்தாழ 10 விழுக்காட்டு ஆற்றலே அடுத்த நிலையைச் சேரும் என்னும் விதி, லிண்டமன் 1942இல் வெளியிட்ட ஆய்வை ஒட்டியது. உண்ணப்படாததும் செரிக்காததும் போக, எஞ்சிய ஆற்றல் செல் சுவாசத்தின் வழியே வெப்பமாக வெளியேறுகிறது. இக்காரணம் மைட்டோகாண்ட்ரியா பாடத்திலும் விதி உணவுச்சங்கிலிப் பாடத்திலும் தனித்து நிற்குமாயின், விதி வெறும் மனப்பாட எண்ணாகிவிடும்.

தமிழில் ‘சுவாசம்’ மூச்சையும் குறிப்பதால் இவ்விடைவெளி மேலும் விரிகிறது. தாவரம் இரவில் மட்டுமே சுவாசிக்கிறது என்னும் பிழையெண்ணத்திற்கும் அது இடந்தருகிறது. வேர், இலை, விதை அனைத்தின் உயிருள்ள செல்களும் இரவும் பகலும் சுவாசிக்கின்றன. எனவே புதுச்சொல் ஆக்குவதினும், ‘மூச்சுவிடுதல்’, ‘செல் சுவாசம்’ ஆகிய இரண்டையும் பாடநூல் முழுவதும் வேறுபடுத்தி ஆளுவதே முதன்மைத் தேவையாகும்.