சோம் போர்முனையின் முகம்

பத்தில் ஒரு பங்கு அளவில், ரெசினில் வார்த்த மார்பளவுச் சிலை. முதல் உலகப் போரில், 1916இல் பிரான்சின் சோம் போர்முனையில் நின்ற பிரிட்டிஷ் சிப்பாய், தலையில் பிரோடி இரும்புத் தொப்பி. இந்த முகத்துக்கு வண்ணம் தீட்டுவதைப் போல நான் ரசித்துச் செய்யும் வேலை வேறில்லை.

தோலுக்கென்று ஒரே நிறம் கிடையாது. நெற்றியில் லேசான மஞ்சள், மூக்கிலும் கன்னத்திலும் காதுமடலிலும் ரத்தச் சிவப்பு, மழித்த தாடையில் சாம்பல் கலந்த நீலம். அக்ரிலிக்கைப் பால்போல நீர்க்கக் கரைத்து, ஒரு பூச்சு காய்ந்தபின் அடுத்ததை ஏற்றவேண்டும். பத்துப் பூச்சாவது ஏறினால்தான் தோலுக்கடியில் ரத்தம் ஓடுவது தெரியும். விழியில் சுத்த வெள்ளையை வைத்தால் போச்சு, ஆள் மிரண்டவனாகிவிடுவான். துளி பழுப்பு சேர்க்கவேண்டும். மேல் இமையின் நிழல் விழிமேல் விழும் அந்த மெல்லிய கோடு! அதை இழுக்கும்போது மூச்சைப் பிடித்துக்கொள்வேன்.

காக்கிச் சட்டை கம்பளித் துணி. தூரிகை நுனியால் பச்சையும் பழுப்புமாகப் புள்ளி குத்திக்கொண்டே போனால் சொரசொரப்பு வந்துவிடும். காலர் உரசும் இடத்தில் கழுத்தைக் கொஞ்சம் சிவக்க விடுவேன். முரட்டுக் கம்பளி, ஜூலை வெயில், அவனுக்கு அரித்திருக்கும்.