அலறலைக் கடைசி ஓவர் வரை வைத்திருந்தவர்

இன்றைய திகில் ஒலிக்கதைகள் பலவற்றில் எனக்கு ஒரே குறை. முதல் வரியிலேயே குரல் நடுங்கத் தொடங்கிவிடுகிறது. பின்னணியில் ஏதோ உறுமுகிறது, கதவு கிரீச்சிடுகிறது, கதை சொல்பவர் கிசுகிசுக்கிறார். பவர்பிளேயிலேயே எல்லா ஷாட்டையும் ஆடித் தீர்த்துவிட்டால் பதினெட்டாவது ஓவருக்குக் கையில் என்ன மிஞ்சும்? போன வாரம் அப்படி ஒரு கதையைப் பாதியில் நிறுத்திவிட்டு, மறுபடியும் பழைய வானொலி நாடக நடிகை ஆக்னஸ் மூர்ஹெட்டிடமே போனேன்.

1943 மே 25. அமெரிக்காவின் சிபிஎஸ் வானொலியில் 'சஸ்பென்ஸ்' நிகழ்ச்சி. லூசில் பிளெட்சர் எழுதிய அரை மணி நேர நாடகம், 'சாரி, ராங் நம்பர்'. நேரலை, ரீடேக் என்ற பேச்சே கிடையாது. நியூயார்க்கில் படுத்த படுக்கையாகக் கிடக்கும் மிஸஸ் ஸ்டீவன்சன், இரவில் வீட்டில் தனியாக இருக்கிறார். கணவரின் ஆபீஸ் நம்பர் எப்போது சுற்றினாலும் எங்கேஜ்டு. ஆபரேட்டரிடம் கேட்டு இணைப்பு வாங்கினால் லைன் மாறி விழுகிறது. முன்பின் தெரியாத இரண்டு ஆண்கள் பேசுகிறார்கள். அன்றிரவு 11.15க்கு ஒரு பெண்ணைக் கொல்லப் போகிறார்கள். அந்த நேரத்தில் பாலத்தைக் கடக்கும் ரயிலின் சத்தத்தில் அலறல் அமுங்கிவிடும் என்பது அவர்கள் கணக்கு.

மிஸஸ் ஸ்டீவன்சனாக நடிக்கும் மூர்ஹெட் இங்கே பயத்தை எடுக்கவே இல்லை. எரிச்சலை எடுக்கிறார். பிறரை ஏவியே பழகிய குரல் அது. சிணுங்கலும் அதட்டலும் மாறி மாறி வருகின்றன. ஆபரேட்டரைக் கடிகிறார், போலீஸ்காரரிடம் சீறுகிறார். கேட்கிற நமக்கு அந்த அம்மாளைப் பிடிக்காமல் போகிறது. போலீஸ்காரர் அசட்டையாகப் பதில் சொல்லும்போது, அவர் மேல் தப்பில்லை என்றே தோன்றுகிறது. ஆட்டத்தின் திட்டமே இதுதான் என்பேன். அந்த அம்மாள் சொல்வதை யாரும் காதில் போட்டுக்கொள்ளாத அந்த இரவில், காதில் போட்டுக்கொள்ளாதவர்களோடு நம்மையும் மூர்ஹெட் சேர்த்துவிடுகிறார்.

திருப்பம் எங்கே என்று கவனித்துக் கேளுங்கள். கணவரிடமிருந்து வந்த தந்தியை ஃபோனில் ஒருவர் படித்துச் சொல்கிறார்: அவசர வேலையாக வெளியூர் போகிறாராம், இரவு வீடு திரும்ப மாட்டாராம். படிப்பவரின் குரல் மளிகைச் சீட்டை வாசிக்கிற மாதிரி இருக்கிறது. அதற்குப் பிறகு மூர்ஹெட்டின் குரலில் அதட்டல் இருக்கிறது, ஆனால் அடியில் பிடிமானம் இல்லை. வாக்கியத்தின் நடுவே, வரக் கூடாத இடத்தில் மூச்சு வந்து விழுகிறது. ஒலி மாறவில்லை, வேகமும் பெரிதாக மாறவில்லை. மூச்சு மட்டும் இடம் மாறியிருக்கிறது. நூறு உறுமல் சத்தம் இந்த ஒரு மூச்சுக்கு ஈடாகாது.

எதிர்முனையில் நின்று கொடுத்தவர்களையும் சொல்ல வேண்டும். டயல் சுற்றித் திரும்பும் ஓசை, எங்கேஜ்டு டோன், யார் செத்தாலும் மாறாத ஆபரேட்டரின் மரியாதைக் குரல். இவையெல்லாம் சலனமில்லாமல் இருப்பதால்தான் மூர்ஹெட்டின் சரிவு நமக்குத் தெரிகிறது. பிறகு, வீட்டிலிருக்கும் இன்னொரு ரிசீவரை யாரோ எடுக்கும் 'க்ளிக்'. அவ்வளவு சின்னச் சத்தம். அதுவரை நகரத்தில் எங்கோ இருந்த கொலை, மாடிப்படிக்குக் கீழே வந்து நிற்கிறது. கடைசியில் ரயில் சத்தத்தோடு அந்த அலறல் எழும்போது, முழு நாடகத்திலும் அவர் தொடாமல் வைத்திருந்த உச்சம் அது என்பது புரிகிறது.

அந்த முதல் ஒலிபரப்பில் கடைசி ஓவரில் ஒரு பிசகு நடந்தது. ஸ்டூடியோ குழப்பத்தில் ஒரு முக்கிய வசனம் நேரம் தவறி வந்துவிட, அந்தப் பெண் செத்தாரா பிழைத்தாரா என்று கேட்டவர்கள் பலருக்கு விளங்கவில்லை. அடுத்த வார நிகழ்ச்சியில் முடிவை விளக்கிச் சொல்ல வேண்டிவந்தது. ஆகஸ்டில் நாடகத்தை மறுபடி நடத்தினார்கள். 1960 வரை மொத்தம் எட்டு முறை, ஒவ்வொரு முறையும் மூர்ஹெட்தான். 1948இல் படமானபோது மட்டும் வேடம் பார்பரா ஸ்டான்விக்குக்குப் போனது; அவருக்கு ஆஸ்கர் பரிந்துரையும் கிடைத்தது. நல்ல நடிப்புதான். ஆனால் படம் அந்தப் பெண்ணின் அறையை, கணவரை, பழைய நாட்களை எல்லாம் காட்டிவிடுகிறது. வானொலியில் நமக்கும் அவருக்கும் இருந்தது ஒரே ஒரு ஃபோன் லைன்.

மூர்ஹெட்டின் மூச்சின் மேல் சந்தேகம் இருந்தால், 1961இல் 'தி ட்வைலைட் ஜோன்' தொடரில் வந்த 'தி இன்வேடர்ஸ்' பாருங்கள். தனி வீட்டில் ஒரு கிராமத்துப் பெண், வெளியே வந்திறங்கிய குட்டி உருவங்கள். மூர்ஹெட்டுக்கு ஒரு வரி வசனம்கூடக் கிடையாது. ஒருமுறை படத்தை மறைத்துவிட்டு, ஒலியை மட்டும் கேட்டேன். திணறலும் முனகலும் இழுத்து விடும் மூச்சுமாக, அவர் எந்த மூலையில் ஒண்டியிருக்கிறார் என்பதுவரை தெரிந்தது.