தேர்வு எண் எதை அளக்கிறது?

ரொறன்ரோவில் அமெரிக்கக் கால்பந்து பார்ப்பவர்களுக்கு மிக அருகிலுள்ள என்எஃப்எல் அணி பஃபலோ பில்ஸ். கல்லூரி வீரர்களைக் கழகங்கள் வரிசையாகத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்டில் கிடைக்கும் எண்ணில் ஒன்றுமில்லை என்று வாதிடுவோரின் முதல் சான்றும் அங்கிருந்தே வருகிறது. 2013 டிராஃப்டில் ஜோர்டன் பாயர் 218ஆவது தேர்வு. மைக்கா ஹைட் 159ஆவது. இருவரும் 2017இல் பஃபலோவில் சேஃப்டிகளாக ஒன்று சேர்ந்தார்கள். 2021 பருவத்தில் பாயர் ஆல்-ப்ரோ முதல் அணியிலும் ஹைட் இரண்டாம் அணியிலும் இடம்பெற்றார்கள். அதே 2013இல் முதல் சுற்றிலேயே எடுக்கப்பட்ட சேஃப்டிகள் மூவர்: கென்னி வக்காரோ 15, எரிக் ரீட் 18, மாட் ஈலம் 32. இவர்களில் ஈலம் தம் என்எஃப்எல் ஆட்டக்காலம் முழுவதிலும் பிடித்த இடைமறிப்பு ஒன்றே ஒன்று.

சான்று பளிச்சென்று இருக்கிறது. ஆனால் அது நிரூபிப்பதாகச் சொல்லப்படுவதை நிரூபிக்கவில்லை. பாயர் ஒரிகன் ஸ்டேட்டிலும் ஹைட் அயோவாவிலும் கார்னர்பேக்குகள். 218, 159 என்ற எண்கள் கார்னர்பேக் ஆட்டத்தைப் பார்த்து இடப்பட்டவை; அந்த மதிப்பீடு அந்த இடத்தைப் பொறுத்தவரை பெரிய பிழை என்று சொல்ல ஆதாரமில்லை. தேர்வாளர்கள் தவறியது இவர்கள் பின்வரிசைக்கு நகர்ந்தால் என்ன ஆவார்கள் என்பதைக் காணாததில். எதிர்த் திசையிலும் இது நடக்கிறது. 2012இல் ஏழாவது தேர்வாக வந்த மார்க் பாரன் சேஃப்டியாக எடுக்கப்பட்டு லைன்பேக்கராக நிலைபெற்றார். அவரைத் தோற்ற சேஃப்டி என்று எண்ணுவதா, வென்ற லைன்பேக்கர் என்று எண்ணுவதா? பட்டியல் போடுபவர் இந்தக் கேள்விக்கு முதலில் பதில் சொல்ல வேண்டும். பெரும்பாலான பட்டியல்கள் சொல்வதில்லை.

2013 டிராஃப்டின் மூன்றாவது சான்று இன்னும் நுட்பமானது. டைரன் மேத்யூ எல்எஸ்யூ பல்கலைக்கழகத்தில் 2011இல் ஹைஸ்மன் விருதின் இறுதிப் பட்டியல்வரை சென்றவர். 2012இல் அணியிலிருந்து நீக்கப்பட்டவர். அவருக்குக் கிடைத்த 69 என்ற எண் ஆட்டத்தை அளக்கவில்லை. நடத்தை குறித்த அச்சத்தை அளந்தது. அவர் மும்முறை ஆல்-ப்ரோ முதல் அணியில் இடம்பெற்றதால் 'மூன்றாம் சுற்றிலும் முத்துக் கிடைக்கும்' என்ற பொதுவிதி உருவாகாது. குறிப்பிட்ட ஓர் அச்சம் மிகையானது என்பது மட்டுமே அதிலிருந்து தெரிகிறது.

ஆக எண்ணின் பக்கமே தெளிவில்லை. வெற்றி என்று நாம் எழுதும் மறுபக்கம் இன்னும் மங்கல். சேஃப்டி என்பவர் தற்காப்பின் கடைசி ஆள். அவர் சரியான இடத்தில் நின்றால் எதிரணிக் குவாட்டர்பேக் அங்கே பந்தை எறியவே மாட்டார். எறியப்படாத பந்துக்குக் கணக்கு கிடையாது. இடைமறிப்பு கண்ணில் படும் செயல். ஆனால் முன்வரிசை தரும் அழுத்தமும் எதிராளி செய்யும் தவறும் சேர்ந்தால்தான் அது நிகழ்கிறது. 2023 பருவத்தையே பாருங்கள். பிரிட்டிஷ் கொலம்பியாவின் கோகிட்லமில் பிறந்த ஜெவன் ஹாலண்ட் மயாமிக்காகவும், ஒன்ராறியோ லண்டன் நகரின் சிட்னி பிரவுன் ஃபிலடெல்ஃபியாவுக்காகவும் இடைமறித்த பந்தோடு 99 யார் ஓடி டச்டவுன் எடுத்தார்கள். கனடாக்காரர் இருவர், ஒரே பருவம், ஒரே தூரம். ஹாலண்டின் ஓட்டம் அரைப்பகுதி முடியும் நொடியில் வேறு வழியின்றி வீசப்பட்ட ஒரு நெடும் பந்திலிருந்து வந்தது. எண்ணிக்கை ஒன்றாக இருப்பதால் தகுதியும் ஒன்றாகிவிடாது.

இடைமறிப்பை விட்டுவிட்டு, எத்தனை ஆட்டங்களைத் தொடக்க வீரராக ஆடினார் என்று எண்ணலாமா? பெரும்பாலான ஒப்பீடுகள் அப்படித்தான் செய்கின்றன. அங்கேதான் முறையின் மிகப் பெரிய ஓட்டை இருக்கிறது. பாரி ஸ்டாவும் ஹா ஹொவாங்கும் 1995இல் வெளியிட்ட ஆய்வு கூடைப்பந்தைப் பற்றியது என்றாலும் இங்கே நேராகப் பொருந்துகிறது. ஆட்டத்திறனைக் கணக்கில் எடுத்துக் கழித்த பிறகும், முன்னதாக எடுக்கப்பட்ட வீரருக்குக் கூடுதல் ஆட்டநேரமும் நீண்ட ஆட்டக்காலமும் கிடைப்பதை அவர்கள் கண்டார்கள். போட்ட முதலைக் காப்பாற்றக் கழகம் பொறுமை காட்டுகிறது. அந்தப் பொறுமை தொடக்க ஆட்டங்களாகப் பதிவாகிறது. பிறகு அதே பதிவை எடுத்து 'உயர்ந்த எண் வெற்றி தருகிறது' என்று நாம் நிறுவிக்கொள்கிறோம். காரணமே விளைவாக வேடமிட்டு வந்து நிற்கும் வாதம் இது.

கேட் மேஸியும் ரிச்சர்ட் தேலரும் என்எஃப்எல் டிராஃப்டையே நேரடியாக ஆராய்ந்தார்கள். அவர்கள் முடிவு இருபுறமும் வெட்டுவது. அதனாலேயே இரு தரப்பும் அதைப் பாதி மட்டும் எடுத்தாளுகின்றன. முன்னதாக எடுக்கப்படும் வீரர்கள் சராசரியில் சிறந்தவர்கள்தாம்; அதை அவர்கள் மறுக்கவில்லை. ஆனால் கொடுக்கும் விலைக்கு மேல் கிடைக்கும் ஆதாயம் முதல் தேர்வில் உச்சத்தில் இல்லை, இரண்டாம் சுற்றை ஒட்டியே அதிகம் என்றார்கள். திறனும் விலைக்கேற்ற திறனும் வேறு வேறு. கழக மேலாளர் இரண்டாவதைக் கேட்கலாம். ஆட்டத்தின் திறனாய்வாளர் முதலாவதைக் கேட்டாக வேண்டும்.

வரலாற்றுக்குப் போனால் எண்ணின் மதிப்பு மேலும் ஆட்டம் காண்கிறது. எம்லன் டனல், வில்லி வுட், கிளிஃப் ஹாரிஸ், டானி ஷெல் என்ற நால்வரும் சேஃப்டிகள். நால்வரும் கான்டனின் புகழ் மண்டபத்தில் இருக்கிறார்கள். நால்வரையும் எந்தக் கழகமும் டிராஃப்டில் எடுக்கவில்லை. வேறொரு விளையாட்டிடத்துக்கு இப்படிப்பட்ட நால்வரைக் காட்டுவது கடினம். ஆனால் இதை டிராஃப்டின் குருட்டு அதிர்ஷ்டம் என்று மட்டும் வாசிப்பவர் சூழலைத் தவறவிடுகிறார். 1960இல் டிராஃப்ட் 20 சுற்றுகள் நடந்தது, 1974இல் 17. இன்றைய ஏழு சுற்றுக்குள் வராமல் போவதும் அன்று 20 சுற்றிலும் வராமல் போவதும் ஒன்றல்ல. வுட் கறுப்பினக் குவாட்டர்பேக். தாமே பயிற்சியாளர்களுக்குக் கடிதம் எழுதி வாய்ப்புக் கேட்டவர். ஷெல் கறுப்பினத்தவருக்கென அமைந்த தென் கரோலினா ஸ்டேட்டிலிருந்து வந்தவர். டனல் நியூயார்க் ஜயன்ட்ஸின் முதல் கறுப்பின வீரர். ஹாரிஸ் மட்டுமே வெள்ளையர். அவரும் பலர் கேள்விப்படாத ஒரு சிறு கல்லூரிக்காரர். அன்று எண் கிடைக்காதது தேர்வாளர்கள் பார்க்க மறுத்த இடங்களின் வரைபடம். அந்த வரைபடம் மாறியபின் வந்த புகழ் மண்டப சேஃப்டிகளை வரிசைப்படுத்தினால் ரோனி லாட் 8, கென்னி ஈஸ்லி 4, ஸ்டீவ் அட்வாட்டர் 20, டிராய் பொலமாலு 16, எட் ரீட் 24 என்று முதல் சுற்றே முன் நிற்கிறது. லிராய் பட்லர் 48, பிரையன் டாக்கின்ஸ் 61, ஜான் லின்ச் 82 பின்தொடர்கிறார்கள். தேர்வாளர்கள் எல்லாரையும் நேர்மையாகப் பார்க்கத் தொடங்கியதும் எண்ணுக்கு உயிர் வந்திருக்கிறது. எதிர்த் தரப்பு விரும்பாத சான்று இது. அதற்கு உரிய எடை கொடுத்தே தீர வேண்டும்.

உச்சத்தில் எண் பேசுகிறது, நடுவில் திக்குகிறது. 2025 பெப்ரவரியில் நடந்த 59ஆவது சூப்பர் பௌலில் ஃபிலடெல்ஃபியாவின் தொடக்க சேஃப்டிகள் டிராஃப்டில் எடுக்கப்படாத ரீட் பிளாங்கன்ஷிப்பும், நான்காம் சுற்றில் 105ஆவதாக வந்த சி.ஜே. கார்ட்னர்-ஜான்சனும். கன்சஸ் சிட்டியில் ஜஸ்டின் ரீட் 68, பிரையன் குக் 62. நால்வரில் முதல் சுற்றுக்காரர் ஒருவர்கூட இல்லை. ஓர் ஆட்டம் விதியாகாது. என்றாலும் அந்த வரிசையில் சிட்னி பிரவுன் நின்ற இடம் கவனத்துக்குரியது. 2023இல் 66ஆவதாக எடுக்கப்பட்டவர், எண்ணே இல்லாத பிளாங்கன்ஷிப்புக்குப் பின்னால் நின்றார். இடையில் 2024 ஜனவரியில் முழங்கால் தசைநார் கிழிந்ததையும் சேர்த்தே இதைக் கணிக்க வேண்டும். அதை மறைத்துவிட்டுப் பிரவுனைத் தேர்வுப் பிழை என்பது அநீதி. அதே காயத்தைச் சொல்லி, பிளாங்கன்ஷிப் வென்ற இடத்தைச் சிறுமைப்படுத்துவதும் அப்படித்தான்.

இன்னொரு குழப்பம், மொத்த வரிசை எண்ணையும் விளையாட்டிடத்துக்குள் பெறும் வரிசையையும் கலந்துவிடுவது. 2020, 2021, 2023, 2024 ஆகிய நான்கு ஆண்டுகளில் முதல் சுற்றில் ஒரு சேஃப்டிகூட எடுக்கப்படவில்லை. 2020இல் சேவியர் மெக்கின்னி 36. 2021இல் ஹாலண்ட் 36. இருவரும் அந்தந்த ஆண்டின் முதல் சேஃப்டி. 2004இல் ஷான் டெய்லரும் 2010இல் எரிக் பெர்ரியும் ஐந்தாவதாக எடுக்கப்பட்ட காலத்தின் 36ஐயும் இந்த 36ஐயும் ஒரே நிரலில் போட்டுச் சராசரி எடுப்பவர், சந்தை மாறியதைத் திறன் மாறியதாக வாசிக்கிறார். 2025இல் ஜயன்ட்ஸ் ஹாலண்டுக்கு மூன்றாண்டுக்கு 4.5 கோடி டாலருக்குச் சற்று மேல் கொடுத்து அழைத்துக்கொண்டது. முதலில் எடுத்த கழகம் தக்கவைக்கவில்லை, இன்னொரு கழகம் பெருவிலை தந்தது. மயாமியின் தேர்வு வென்றதா? வீரர் வென்றார் என்பதில் ஐயமில்லை. கழகத்தின் வெற்றி நான்கு ஆண்டோடு நின்றுவிட்டது. எண்ணை ஆராய்வோர் இவ்விரு வெற்றிகளையும் பிரித்து எழுதுவது அரிது.

கனடிய லீக்குக்கு வரும்போது இதே அளவுகோலைத் தூக்கிக்கொண்டு வரக் கூடாது. சிஎஃப்எல் டிராஃப்ட் கனடிய வீரர்களுக்கு மட்டுமே உரியது. தொடக்க வீரர் 24 பேரில் குறைந்தது ஏழு பேர் கனடியராக இருக்க வேண்டும் என்ற விதி நெடுங்காலமாக அணித் தேர்வை வழிநடத்தி வந்திருக்கிறது. அந்த ஏழில் ஒன்றைப் பல கழகங்கள் வழக்கமாகச் சேஃப்டிக்கே ஒதுக்கின. ஆகவே இங்கே எண், ஆட்டத்திறனோடு குடியுரிமையின் பயனையும் சேர்த்து அளக்கிறது. அமெரிக்கர்களுக்கு இந்த எண்ணே கிடையாது. 2004இல் ரொறன்ரோ ஆர்கோநாட்ஸ் கிரே கோப்பையை வென்றபோது பின்வரிசையில் நின்ற ஒர்லாண்டோ ஸ்டைனவர் சியாட்டில்காரர். அவரை எந்த அட்டவணையிலும் நுழைக்க முடியாது.

எண் கிடைத்தவர்களிடத்திலும் சிக்கல் தீரவில்லை. லோரன் டுவெர்னே-டார்டிஃப் சேஃப்டி அல்லர், முன்வரிசைக் காவலர். ஆனாலும் அவர் இங்கே தேவைப்படுகிறார். 2014 சிஎஃப்எல் டிராஃப்டில் அவர் 19ஆவதாகச் சரிந்ததற்குக் காரணம் என்எஃப்எல்லுக்குப் போய்விடுவார் என்பது; போயும்விட்டார். 2016இல் சேஃப்டி டெய்லர் லாஃப்லரும் அதே 19. அங்கே விலையைக் குறைத்தது முழங்கால் காயங்களின் வரலாறு. லாஃப்லர் வினிபெக்கில் 2016, 2017, 2018 என்று தொடர்ந்து மூன்று ஆண்டும் லீக்கின் நட்சத்திர அணியில் இருந்தார். ஒரு 19 மிகையான திறனின் அடையாளம், இன்னொரு 19 உடல்நிலை குறித்த எச்சரிக்கை. 2013இல் மூன்றாவதாகவே எடுக்கப்பட்ட மைக் எடெம் மொன்றியலில் தொடங்கிப் பல அணிகள் மாறிச் சஸ்காச்சுவானில்தான் நிலைபெற்றார். தோல்வி என்று அதைச் சொல்ல முடியாது. மூன்றாவது எண் வாக்களித்த வெற்றியென்றும் சொல்ல முடியாது.

என் தீர்ப்பு இது. என்எஃப்எல்லில் முதல் 20 தேர்வுகளுக்குள் எடுக்கப்படும் சேஃப்டியின் எண் உண்மையான தகவல். அதை அதிர்ஷ்டச் சீட்டு என்பவர்கள் புகழ் மண்டபத்தையும் ஒருமுறை எண்ணிப் பார்க்கட்டும். இரண்டாம் சுற்றிலிருந்து நான்காம் சுற்றுவரை எண்ணின் வரிசை திறனின் வரிசையைப் பற்றிச் சொல்வது சொற்பம். அது பெரிதும் சொல்வது கழகம் காட்டப்போகும் பொறுமையின் அளவை. பிந்தைய சுற்றுகளின் வெற்றிகளில் பாயர், ஹைட் போன்றவர்களை இடம் மாறியவர்கள் என்று தனி நிரலில் எழுத வேண்டும். கனடிய லீக்கின் எண்ணை, அந்த வீரர் ஏன் அந்த இடத்தில் எடுக்கப்பட்டார் என்ற குறிப்பு பக்கத்தில் இல்லாமல் எந்த ஒப்பீட்டிலும் சேர்க்கக் கூடாது. சேர்த்தால் டுவெர்னே-டார்டிஃபின் 19உம் லாஃப்லரின் 19உம் ஒரே கட்டத்துக்குள் விழும்.