சித்திரமும் மெய்ப்பாடும்

சித்திரத் தொடரை நடிகரைக் கொண்டு மீளப் படைக்கும் முயற்சிகளுள், பெயரிலேயே நம் சொல்லைத் தாங்கிய 'அவதார்' ஆராயத்தக்கது. 2005இல் தொடங்கிய சித்திரத் தொடரின் முதற் காண்டம் 20 பகுதிகளையுடையது. மாகேயிற் பிறந்த சியாமளன் 2010இல் அதனை ஒரே திரைப்படமாகச் சுருக்கினார். கதை மூச்சுத் திணறிற்று. 2024இல் நெட்பிளிக்ஸ் 8 பகுதிகளாக்கியது. இடம் கிடைத்தது, நகைச்சுவை குன்றிற்று. கோட்டோவியத்திற் சிறுவன் கண்கள் முகத்தளவு விரியின் நகை பிறக்கும். மனித முகத்திற்கு அஃது இயலாது. ஈடான மெய்ப்பாட்டைத் தேடாது உருவ ஒப்புமையையே நாடியது பெருங்குறை.

பசறை முதலிய மலைநாட்டுத் தோட்டங்களில் மாசியில் நிகழும் காமன் கூத்தில் ஒப்புமையை எவரும் வேண்டுவதில்லை. தப்பொலியும் அடவுமே தொழிலாளியை மன்மதனாக்குகின்றன. அவன் எரியுண்டபின் புலம்பும் ரதி வேடந்தாங்கிய ஆடவன் என்பதை அறிந்தே மகளிர் கண்கலங்குவர்.