மெய்நிகர் உண்மையில் திகில் விளையாட்டுகள்

ஆடுபவரை அச்சுறுத்துவதையே முதன்மை நோக்கமாகக் கொண்டவை திகில் நிகழ்பட விளையாட்டுகள். 2016 ஆம் ஆண்டில் ஆக்குலஸ் ரிஃப்ட், எச்.டி.சி. வைவ், பிளேஸ்டேஷன் வி.ஆர். ஆகிய தலையணிக் கருவிகள் விற்பனைக்கு வந்தபின் இவ்வகை விளையாட்டுகள் மெய்நிகர் உண்மையிலும் பரவலாயின. இதனால் அச்சம் கூடியது என்பது பொதுவான கருத்து. எவ்வகை அச்சம் கூடியது என்பதே ஆராய வேண்டியது.

திரையின் விளிம்பு

தொலைக்காட்சித் திரைக்கு ஓர் எல்லை உண்டு. பயந்தவர் சுவரைப் பார்க்கலாம். அடுக்களைப் பாத்திரச் சத்தம் காதில் விழும். தலையணிக் கருவியில் சுவரும் விளையாட்டுக்கே உரியது. கண்ணை மூடினாலும் ஒலி தொடரும்.

கேப்காம் நிறுவனம் 2017 சனவரியில் வெளியிட்ட 'ரெசிடென்ட் ஈவில் 7' இதற்கு நல்ல சான்று. அதை முழுவதுமாகத் திரையிலும் ஆடலாம், பிளேஸ்டேஷன் வி.ஆர். கருவியிலும் ஆடலாம். திரையில் கட்டைவிரலால் செய்யும் வேலையைக் கருவியில் கழுத்து செய்கிறது. பின்னால் திரும்பிப் பார்க்கவே துணிவு தேவைப்படுகிறது. ஆயினும் கைகள் பழைய கட்டுப்பாட்டுக் கருவியையே பிடித்திருப்பதால், உடலில் பாதிதான் அந்த வீட்டுக்குள் நுழைகிறது.

கையின் பங்கு

அந்தக் குறையை நீக்கியது வால்வ் நிறுவனத்தின் 'ஹாஃப்-லைஃப்: அலிக்ஸ்' (2020). அதில் 'ஜெஃப்' என்னும் அத்தியாயத்தில் வரும் அரக்கனுக்குக் கண் தெரியாது, காது கூர்மை. காற்றில் பரவும் நச்சுத்துகளால் இருமல் வராதிருக்க, ஆடுபவர் தம் கையாலேயே வாயைப் பொத்த வேண்டும். கதவைத் திறக்கும்போது விழும் புட்டியையும் தாமே பிடிக்க வேண்டும். இங்கே அச்சம் காட்சியால் மட்டும் வருவதன்று. தம் கையே தம்மைக் காட்டிக்கொடுக்கும் என்ற கவலையால் வருகிறது.

குறைகள்

கண் நகர்வை உணர்ந்தும் உட்காது உணராததால் பலருக்குக் குமட்டல் உண்டாகிறது. அதைத் தவிர்க்கப் பார்வையைச் சட்டெனத் திருப்புதல், ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்குத் தாவுதல் போன்ற வசதிகள் தரப்படுகின்றன. இவை உடலைக் காத்தாலும், அங்கேயே நிற்கும் உணர்வைக் கலைக்கின்றன.

முகத்துக்கு நேரே திடீரென அலறும் உருவத்தை மட்டுமே நம்பும் விளையாட்டுகளும் உள்ளன. அவை தருவது அதிர்ச்சி மட்டுமே. இரண்டாம் முறை அது மிஞ்சுவதில்லை.

தமிழ்ச் சூழல்

அஸ்வின் சரவணன் இயக்கிய 'கேம் ஓவர்' (2019) திரைப்படம் விளையாட்டின் 'உயிர்கள்' என்ற கருத்தைத் திகில் கதைக்குள் கொண்டுவந்தது. திரையரங்கில் அருகிலிருப்பவரின் சிரிப்பு அச்சத்தைத் தணிக்கும். தலையணிக் கருவியில் அந்தத் துணை இல்லை.

வேறுபாடு இன்னும் ஆழமானது. மேற்குத் தொடர்ச்சி மலையடிவாரத்தில் உள்ள மகாராஜபுரம் போன்ற ஊர்களில் பேய்க்கதை கேட்பவர், அந்தப் பேயைத் தாம் நாளும் கடக்கும் புளியமரத்தில் ஏற்றிவிடுகிறார். கதை முடிந்த பிறகும் அந்த மரம் அங்கேயே நிற்கிறது. மெய்நிகர் உண்மை இதற்கு மாறானது. ஆடுபவரைப் பெயர்த்தெடுத்து, அறியாத அமெரிக்க மாளிகையில் வைக்கிறது. கருவியைக் கழற்றியதும் அந்த மாளிகை மறைந்துவிடும்.

எனவே கருவி அச்சத்தின் நெருக்கத்தைக் கூட்டியதே தவிர, அதன் ஆயுளைக் கூட்டவில்லை. திண்ணையும் முற்றமும் கொல்லைக் கிணறும் கொண்ட வீடு ஒன்று இக்கருவிக்குள் நன்கு அமையுமானால், கழற்றிய பின்னும் கிணற்றடிக்குப் போக ஆடுபவர் தயங்குவார். கருவியின் முழு ஆற்றல் அப்போதுதான் வெளிப்படும்.