மீண்டு வருதல் என்னும் சொல்

காயம்பட்ட வீராங்கனை ஒருவர் பதக்கம் வென்றால், ‘மீண்டு வந்த சிங்கப்பெண்’ என்று எழுத நம் ஊடகங்களுக்கு ஒரு வாக்கியம் தயாராக இருக்கிறது. அதில் காயம் இருக்கும், பதக்கம் இருக்கும். இரண்டுக்கும் நடுவிலிருந்த மாதங்கள் இருக்காது.

மணிப்பூரின் பளுதூக்கும் வீராங்கனை மீராபாய் சானுவின் கதையை எடுத்துக்கொள்வோம். 2016 ரியோ ஒலிம்பிக்கில் கிளீன் அண்ட் ஜெர்க் பிரிவின் மூன்று முயற்சிகளிலும் தோற்றார். 2017இல் உலகச் சாம்பியன் ஆனார். 2018இல் முதுகுக் காயத்தால் ஆசிய விளையாட்டுப் போட்டிக்குப் போகவில்லை. 2021இல் டோக்கியோவில் 202 கிலோ தூக்கி வெள்ளி வென்றார். இது மனஉறுதியின் கதையாகவே சொல்லப்படுகிறது. சிறுவயதில் அண்ணனால் தூக்க முடியாத விறகுக்கட்டை அவர் தூக்கினார் என்பது தவறாமல் இடம்பெறுகிறது. சிறுமியின் வீட்டுவேலை பெருமிதமான முன்கதை ஆகிவிடுகிறது. 2020இல் அமெரிக்கா சென்று, பிசியோதெரபிஸ்ட் ஆரன் ஹார்ஷிக்கிடம் அவர் சிகிச்சை பெற்றது ஒரு வரியில் முடிந்துவிடுகிறது.

எனக்கு அந்த ஒரு வரிதான் கதை. அங்கே அவருடைய தசைகளின் சமநிலைக் குறைவு கவனிக்கப்பட்டது, பயிற்சி திருத்தப்பட்டது. 2021 ஏப்ரலில், தாஷ்கண்டில் நடந்த ஆசியப் போட்டியில், ரியோவில் தோற்ற அதே கிளீன் அண்ட் ஜெர்க்கில் 119 கிலோ தூக்கி உலக சாதனை படைத்தார்.

‘மீள்’ என்றால் திரும்புதல். காயத்துக்குப் பிறகு செய்யும் பலப்பயிற்சியில் திரும்பிப்போகப் பழைய உடம்பு இல்லை. எடையைக் குறைக்க வேண்டும். குனியும் அளவை மாற்ற வேண்டும். பலவீனமான பக்கத்தைத் தனியே பழக்க வேண்டும். வலி எங்கே தொடங்குகிறது என்று கவனித்து, மெல்ல எடை கூட்ட வேண்டும். இது அறிவும் நேரமும் பணமும் கேட்கும் வேலை. ‘மனஉறுதி’ என்று சொல்லிவிட்டால் இந்த மூன்றையும் யார் தருவது என்ற கேள்வி எழாது. பொறுத்துக்கொள்வதே பெண்ணுக்கு வீரம் என்ற பழைய பாடத்துக்கும் அது தோதாக இருக்கிறது.

நான் வசிக்கும் தேங்காய்த்திட்டில் மீன்பிடித் துறைமுகம் இருக்கிறது. அங்கே மீன் எடுத்து அன்னக்கூடையில் தலைச்சுமையாகக் கொண்டுபோய் விற்கும் பெண்களும் பளுதூக்குகிறவர்கள்தான். முதுகு பிடித்துக்கொண்டால் கூடையைப் பாதி நிரப்புகிறார்கள். தூக்கிவிட இன்னொருத்தியைக் கூப்பிடுகிறார்கள். ஷேர் ஆட்டோவுக்குக் காசு ஒதுக்குகிறார்கள். காயத்துக்கு ஏற்ப எடையை மாற்றும் இந்தக் கணக்கை யாரும் பயிற்சி என்பதில்லை, ‘வயசாயிடுச்சு’ என்கிறோம். மீராபாயின் சிகிச்சைக்கு அரசு பணம் தந்தது, தரத்தான் வேண்டும். கூடைக்காரப் பெண்ணுக்குப் பாதிக் கூடை என்றால் பாதி வருமானம். அந்த மீதிப் பாதிக்கு யார் பொறுப்பு?

2024 பாரிஸில் மீராபாய் 199 கிலோ தூக்கினார். ஒரு கிலோ வித்தியாசத்தில் வெண்கலம் தவறி நான்காம் இடம். அன்று தனக்கு மாதவிடாயின் மூன்றாம் நாள் என்று வெளிப்படையாகச் சொன்னார். சாக்கு என்று கேட்கப் பழகிய காதுகளுக்கு அது சாக்கு. எனக்கு அது, தன் உடம்பின் நிலையை அறிந்து வைத்திருக்கும் ஒருத்தியின் துல்லியமான பேச்சு.

அடுத்த முறை ஒரு வீராங்கனை ‘மீண்டு வந்தார்’ என்று படிக்கும்போது மூன்று கேள்விகள் கேளுங்கள்: எத்தனை மாதம் ஆயிற்று, யார் செலவு செய்தார்கள், எத்தனை கிலோவில் மறுபடி தொடங்கினாள்?